பிரெண்டாவின் சம்பல் பெட்டி

பிரெண்டாவிடம் இரண்டு பொருளைக் காட்டி “ரெண்டும் ஒண்ணுதான்லா” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லியிருக்கிறேன், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன். இரண்டு ரோத்தி சானாயைத் தட்டில் வைத்தால் எது முதலில் கல்லிலிருந்து இறங்கியது என்று சொல்லிவிடுவாள். சொல்வதோடு விட்டாலும் பரவாயில்லை. நாமும் அதை ஒப்புக்கொள்ளும்வரை மேசையைவிட்டு எழ விடமாட்டாள்.

அவளுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. அப்பா ரயில்வேயில் சிக்னல் பிட்டர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். குவார்ட்டர்ஸை இடிக்கப் போகிறார்கள் என்றதும் குடும்பம் கிள்ளானுக்கு வந்தது. பத்தொன்பது வயதில் ஷா ஆலாமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். கார் ரேடியோவுக்குள் போகிற போர்டுகளைச் செய்யும் இடம். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள், சோதனை வரிசைக்கு லீடராக. ஊசி முனையளவு குறை இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள் என்பதால் ‘ரிஜெக்ட் பிரெண்டா’ என்று அங்கே பெயர். கிண்டலாக வைத்த பெயர். அவளோ யாராவது அப்படிக் கூப்பிட்டால் நிமிர்ந்து உட்காருவாள்.

நான் கிரிகரி. கிள்ளான் துறைமுகத்தில் லோரிகளுக்கு நேரம் போட்டு அனுப்புகிற வேலை. தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் நான் பேஸ் கித்தார், அவள் லீட் கித்தார். இருபது வருடமாக ஒரே பாடகர் குழுவில் இருக்கிறோம். இந்தக் கதையில் நடந்த தப்பில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதை நானே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறேன், பிறகு அவள் வாயால் கேட்க வேண்டாம்.

கித்தாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில், வாசிப்பவரின் காலடியில் ஒரு சின்ன உலோகப் பெட்டி கிடக்குமே, பார்த்திருப்பீர்கள். காலால் மிதித்தால் கித்தாரின் சத்தம் மாறும். பெடல் என்போம். கடையில் வாங்கிய எந்தப் பெடலும் பிரெண்டாவுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் கோயில் மண்டபத்தின் தகரக் கூரைக்குக் கீழே எல்லாமே கீச்சென்றுதான் கேட்டன. 2011 சீனப் புத்தாண்டுக்குத் தொழிற்சாலையை ஒரு வாரம் மூடினார்கள். அந்த ஒரு வாரத்தில் தானே ஒரு பெடல் செய்துவிட்டாள். சர்க்யூட் படத்தைத் தாளில் ஸ்கேல் வைத்து வரைந்து, அதைப் பார்த்துப் பற்றவைத்து, வீட்டுக் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்ட்டை அடித்தாள். என் மனைவி பார்த்துவிட்டு, “என்ன இது, சம்பல் கலர்ல இருக்கு” என்றாள். மிளகாய் அரைத்த சம்பலின் பெயரே பெட்டிக்கு ஒட்டிக்கொண்டது. மூன்று திருகுகளுக்கும் காரம், புளி, உப்பு என்று பிரெண்டாவே எழுதினாள்.

முதல் ஞாயிறு அவள் அதை மிதித்தபோது எனக்கு முதுகு சிலிர்த்தது. கீழ்த் தந்தியைத் தட்டினால் நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து உட்காரும். சத்தம் கரகரவென்று இருக்கும், ஆனால் கனமாக இருக்கும். பாதிரியார்கூட பிரசங்கத்துக்கு முன்னால் ஒரு நொடி திரும்பிப் பார்த்தார்.

அதன்பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் செய்து கொடுத்தாள். எட்டு வருடத்தில் நாற்பத்தாறு பெட்டி. எல்லாமே கையால் செய்தது. செய்த விதத்தை இங்கே சொல்ல வேண்டும். அவளுடைய தொழிற்சாலையில் ‘கோல்டன் சாம்பிள்’ என்று ஒன்று உண்டு. சரியாக வந்த முதல் போர்டை எடுத்து, கையெழுத்துப் போட்டுப் பத்திரப்படுத்துவார்கள். அடுத்து வருகிற ஆயிரம் போர்டையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். படம் இன்ஜினியர்களுக்கு, சாம்பிள் வரிசையில் இருப்பவர்களுக்கு. பிரெண்டா வரிசையில் வளர்ந்தவள். அந்த முதல் சம்பலைத் திறந்து மேசையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்தே மற்ற எல்லாவற்றையும் செய்தாள். படம் ஒரு பிளாஸ்டிக் பைலுக்குள் போனது. பார்ட்ஸுக்கும் அப்படித்தான். முதல் பெட்டியைப் பார்த்து எழுதிய பட்டியல் ஒன்று ஜாலான் பாசார் கடைக்காரரிடம் இருந்தது. அவள் போய் “போன தடவ மாதிரியே” என்பாள். அவர் கட்டிக் கொடுப்பார்.

இனி என் பங்கு. இரண்டாவது பெட்டி கைமாறுவதற்கு முன்னாலேயே நான் புத்தி சொன்னேன். “எவனாச்சும் தெறந்து பாத்து காப்பி அடிச்சிடுவான் பிரெண்டா. உள்ள எபாக்சி ஊத்திடு.” எபாக்சி என்பது கறுப்புப் பசை. ஊற்றினால் கல்லாக இறுகிவிடும், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவள் ஊற்றினாள். நாற்பத்தாறாவது பெட்டியோடு போதும் என்று நிறுத்தியபோது, அந்தக் கோல்டன் சாம்பிளையும் விட்டுவைக்கவில்லை. வாரநாளில் மேசையிலும் ஞாயிறு பூசையிலும் இருந்த அதையும் ஊற்றி மூடிவிட்டாள். ஆக, உள்ளே இருப்பது என்ன என்று அவளுக்கே தெரியாதபடி நான் ஏற்பாடு செய்துவிட்டேன்.

போன வருடம் விமலன் வந்தான். அம்பாங்கில் பெடல் பட்டறை வைத்திருக்கிறான், ஜகார்த்தா, சிங்கப்பூர்வரை அவனுடைய பெட்டிகள் போகின்றன. கையில் ஒரு பழைய சம்பலை வைத்துக்கொண்டு, “அக்கா, இத திரும்பக் கொண்டாரணும். பாதி சைஸ்ல, புது டிசைன்ல. ஆனா சத்தம் இதே சத்தம்” என்றான். பிரெண்டா இரண்டு நாள் யோசித்தாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு அட்டை இருக்க வேண்டும். ‘இது என் முதல் சம்பலைப் போலவே ஒலிக்கிறது’ என்று அதில் எழுதியிருக்கும், கீழே அவள் கையெழுத்து. கேட்டுப் பார்த்துத் திருப்தியானால்தான் கையெழுத்து. விமலன் சந்தோஷமாக ஒத்துக்கொண்டான். அவளும் பைலைத் தட்டி அந்தப் படத்தைக் கொடுத்தாள்.

அவன் பட்டறையில் இன்ஜினியர் ஷிரீன். முப்பது வயதிருக்கும். மஸ்ஜித் இந்தியா பக்கம் அவள் குடும்பத்துக்குச் சாப்பாட்டுக் கடை, அவளுக்கு மட்டும் கரண்டிக்குப் பதில் சால்டரிங் அயன் பிடித்துப் போயிற்று. படத்தைப் பார்த்து, புள்ளி பிசகாமல் புதிய போர்டு போட்டாள். மூன்று மாதத்தில் முந்நூறு பெட்டி தயாரானது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபம் பிடித்து வெளியீட்டுத் தேதியும் குறித்தாயிற்று. மூன்று வாரம் இருக்கும்போது ஒரு பெட்டியும் முந்நூறு அட்டைகளும் பிரெண்டா வீட்டுக்கு வந்தன.

சனிக்கிழமைப் பயிற்சிக்கு அதைக் கொண்டுவந்தாள். அழகான பெட்டி, உள்ளங்கையில் அடங்கும். காரம், புளி, உப்பு இருந்த இடத்தில் டிரைவ், டோன், லெவல். பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில். பழையதை மிதித்து ஒரு வரி வாசித்தாள். புதியதை மிதித்து அதே வரி. மறுபடி பழையது. இப்படியே இருபது நிமிடம். பாடுகிற பெண்கள் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

“இது இல்ல” என்றாள்.

“எது இல்ல? அதே கரகரப்பு, அதே கத்தல். ரெண்டும் ஒண்ணுதான்லா.”

“அண்ணே, இதுல அடி இல்ல. கீழ ஒண்ணுமே இல்ல. தேங்காப்பால் ஊத்தாத கொழம்பு மாதிரி இருக்கு. உங்களுக்குக் கேக்கலியா?”

எனக்குக் கேட்கவில்லை. இருபது வருடம் பேஸ் வாசித்தவன், எனக்கே கீழ்ச்சத்தம் கேட்கவில்லை என்றால் அது அவள் மண்டைக்குள்தான் இருக்கிறது என்று நினைத்தேன். அதை வெளியிலும் சொல்லித் தொலைத்தேன். அவள் புதிய பெட்டியைப் பையில் போட்டாள். அட்டைகளைக் கட்டுப் பிரிக்காமல் அப்படியே அலமாரியில் வைத்துவிட்டாள்.

அடுத்த புதன்கிழமை அரைநாள் லீவு போட்டு என்னையும் இழுத்துக்கொண்டு அம்பாங் போனாள். விமலன் சிரித்த முகமாகத்தான் வரவேற்றான். “கண்ணக் கட்டி டெஸ்ட் பண்ணிடுவோம்க்கா, அப்புறம் யாருக்கும் சந்தேகம் இருக்காது” என்றான். இரண்டு பெட்டியையும் ஒரு அட்டைப்பெட்டிக்குப் பின்னால் மறைத்தார்கள். விமலன் கித்தாரில் ஒரே வரியை வாசிப்பான். எதை ஓட்டுவது என்று ஷிரீன் பத்து சென் காசைச் சுண்டி முடிவு செய்வாள். பிரெண்டா சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பழசா புதுசா என்று சொல்ல வேண்டும். பத்துத் தடவை.

நான்தான் முதலில் உட்கார்ந்தேன். பத்தில் நான்கு. குருட்டாம்போக்கில் சொல்கிறவனுக்கும் அதைவிட ஒன்று கூட வந்திருக்கும்.

பிரெண்டா பத்தில் எட்டு. தப்பிய இரண்டுக்கும் விமலன் வாசித்ததுதான் காரணம் என்று அவள் சொன்னதை நான் நம்பவில்லை. ஆனால் எட்டு எட்டுதான். அறையில் சிரிப்பு நின்றுவிட்டது.

ஷிரீன் படத்தை எடுத்து மேசையில் விரித்தாள். “அக்கா, இது உங்க படம், உங்க கையெழுத்து. இதுல என்ன இருக்கோ அதத்தான் போட்டிருக்கேன். ஒவ்வொரு பார்ட்டும் அளந்து பாத்தாச்சு.”

“படத்துல இருக்கறது இருக்கட்டும். காதுல கேக்கறத பாரும்மா. படம் பாத்துப் பண்ணத் தெரியலன்னா முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

அது கொஞ்சம் அதிகம். ஷிரீனின் முகம் சிவந்துவிட்டது. பட்டறையில் வேலை செய்கிற ஐந்தாறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போதாக்குறைக்கு விமலனும் சேர்ந்துகொண்டான். “முந்நூறு பெட்டி ரெடியா இருக்கு ஷிரீன். நீ செக் பண்ணிட்டேன்னு சொன்னதாலதான் நான் போட்டேன். இப்ப அக்கா கையெழுத்து போடலன்னா இது உன் தலமேலதான் விழும்.”

ஷிரீன் குரல் உயர்த்தவில்லை. “பழைய பெட்டிக்குப் பதிமூணு வயசு. உள்ள பார்ட்ஸ் எல்லாம் நாளாகி மாறியிருக்கும். அதான் வித்தியாசம். புதுசுல நீங்க செஞ்சப்ப இதே மாதிரிதான் இருந்திருக்கும், உங்களுக்கு ஞாபகம் இல்ல.”

விமலன் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். “கரெக்ட். நாளாகி மாறினதுதான். அப்ப பிரச்சின இல்ல, கையெழுத்துப் போடலாம்தானேக்கா?”

திரும்பி வரும்போது காரை நான் ஓட்டினேன். நெடுஞ்சாலை நெரிசலில் நின்றபோது பிரெண்டா திடீரென்று கேட்டாள். “அண்ணே, வயசானா எல்லாரும் ஒரே மாதிரியா ஆவாங்க? உங்களுக்குத் தொப்பை வந்துச்சு. எங்கண்ணனுக்கு முடி கொட்டுச்சு. பார்ட்ஸும் அப்படித்தான். நாளாகி மாறியிருந்தா ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு மாதிரி மாறியிருக்கணும். எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சுன்னா?”

தொப்பையை இழுத்தது தேவையில்லாத விஷயம். ஆனால் கேள்வி சரியான கேள்வி.

அடுத்த பத்து நாளும் வேலை முடிந்து என் கார்தான் ஓடியது. வாங்கியவர்களின் பெயர், எண் எல்லாம் அவள் நோட்டில் வைத்திருந்தாள். சாலாக் செலாத்தானில் திருச்செல்வம் என்று ஒரு மெக்கானிக், கல்யாணக் கச்சேரிகளில் வாசிப்பவர். பெட்டியை ஒரு பழைய துண்டில் சுற்றிக் கொடுத்து, “பத்திரம், இத வச்சுத்தான் நான் பொழைக்கறேன்” என்றார். டெங்கிலில் ஒரு பள்ளிக்கூட ஆய்வக உதவியாளர் வீட்டுக்கு மழையில் வழி தேடிப் போய், அவர் மாமியார் போட்ட தேத்தண்ணீரைக் குடித்து, ஒரு பெட்டி வாங்கிவந்தோம். இப்படி ஆறு சேர்ந்தன. இரண்டாவதாகச் செய்தது ஒன்று, கடைசிக்கு முந்தியது ஒன்று, மற்றவை நடுவில். ஒன்று சமையலறை எண்ணெய்ப் பிசுக்கில் கிடந்தது. ஒன்றை அதன் சொந்தக்காரர் எட்டு வருடமாகத் தொடவே இல்லை.

ஆறையும் கோயில் மண்டபத்தில் வரிசையாக வைத்து வாசித்தாள். இந்தத் தடவை நான் கண்ணை மூடிக்கொண்டு, வாயையும் மூடிக்கொண்டு கேட்டேன். ஆறும் ஒரே சத்தம். ஏழாவதாகப் புதியதை மிதித்தாள். அப்போதுதான் எனக்குக் கேட்டது. காலுக்குக் கீழே இருந்த தரையை யாரோ கொஞ்சம் உருவிக்கொண்ட மாதிரி இருந்தது.

“கேட்டுடுச்சு” என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அதையும் சொன்னேன். “சாரி பிரெண்டா.”

“சாரி வேணாம். வெளியீட்டுக்கு ஒரு வாரம்தான் இருக்கு. ஏன்னு தெரியணும்.”

பட்டியல் வைத்திருந்த ஜாலான் பாசார் கடை மூடி நாளாகிவிட்டது, ஏன் என்று தெரிய ஒரே வழிதான் இருந்தது. ஒரு பழைய பெட்டியைத் திறந்து அந்தக் கறுப்புக் கல்லை உடைக்க வேண்டும். உடைத்தால் பெட்டி பிழைக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இரவல் வாங்கிய ஆறில் ஒன்றைத் தொட அவள் மனம் ஒப்பவில்லை. தன்னுடையதைத்தான் எடுத்தாள், அந்த முதல் பெட்டியை. நான் தடுத்துப் பார்த்தேன்.

“பதிமூணு வருஷம் பூசைக்கு வாசிச்ச பெட்டி. வேற ஒண்ண வெல கொடுத்து வாங்கி ஒடைக்கலாம்லா.”

“இதப் பாத்துத்தான் எல்லாத்தையும் செஞ்சேன். பதில் இதுக்குள்ளதான் இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அவள் வீட்டுப் பின்கட்டில் துணி காயப்போடுகிற இடத்தில் உட்கார்ந்தோம். சூடு காட்டுகிற கன்னால் பசையை இளக்கி, பல் டாக்டர் குத்துகிற மாதிரியான ஒரு கொக்கியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தாள். பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, என்ன கருகுது என்று கேட்டார். ஒரு மணி நேரத்தில் ஒரு கம்பி அறுந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் போர்டின் ஒரு மூலை பசையோடு சேர்ந்து உரிந்து வந்தது. பெட்டி செத்துவிட்டது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஆனாலும் அவள் கொக்கியை மறுபடி எடுத்தாள்.

படத்தை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பார்ட்டாகச் சரிபார்த்தாள். சரி, சரி, சரி. நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கபாசிட்டர் இருந்தது. கீழ்ச்சத்தம் எவ்வளவு உள்ளே போகலாம் என்று தீர்மானிக்கிற பார்ட் அதுதான், எண் பெரிதானால் கீழ்ச்சத்தமும் கூடும். அதன்மேல் இருந்த பசையைச் சுரண்டி, லென்ஸ் வைத்துப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி லென்ஸ்.

“என்ன?”

“படத்துல நாப்பத்தேழுன்னு போட்டிருக்கு” என்றாள். “இதுல இருக்கறது நூறு.”

லென்ஸைக் கீழே வைத்தாள். பிறகு அவளுக்கு ஞாபகம் வந்தது. வரும்போதே முகம் மாறியதை நான் பார்த்தேன். சீனப் புத்தாண்டு வாரம். தொழிற்சாலைக்கு லீவு, அதனால்தான் அவளுக்கு நேரம் கிடைத்தது. ஆனால் ஜாலான் பாசார் கடைகளுக்கும் அதே லீவு. நாற்பத்தேழு கையில் இல்லை. டப்பாவில் நூறுதான் கிடந்தது. இப்போதைக்கு இதைப் போடுவோம், கடை திறந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று போட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சத்தம் பிரமாதமாக வந்தது. மாற்ற வேண்டும் என்பது மறந்தே போனது. பிறகு அந்தப் பெட்டியைப் பார்த்தே பட்டியல் எழுதினாள், அந்தப் பெட்டியைப் பார்த்தே மற்றதெல்லாம் செய்தாள். நாற்பத்தாறிலும் நூறு. படத்தில் மட்டும் நாற்பத்தேழு.

ஆக, எல்லாரும் கொண்டாடிய அந்தச் சத்தமே அவள் மாற்ற மறந்த ஒரு பார்ட்டில் இருந்தது. ஷிரீன் புள்ளி பிசகாமல் செய்திருந்தாள்.

என் புத்தி உடனே வேலை செய்தது. அது எப்போதும் கோணலாகத்தான் வேலை செய்யும். “பிரெண்டா, இது நம்ம ரெண்டு பேருக்குத்தானே தெரியும். சும்மா, ‘அந்தக் கபாசிட்டர நூறு போட்டுப் பாருங்க’ன்னு சொல்லிடு. சத்தம் வந்துரும், கையெழுத்தப் போட்டுரு. எதுக்கு லா மத்த கதையெல்லாம்?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். தொழிற்சாலையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன் போர்டை அப்படித்தான் பார்ப்பாள் போலும்.

“அந்தப் பொண்ண எல்லார் முன்னாடியும் வச்சுப் பேசினேன் அண்ணே. எல்லார் முன்னாடியும்தான் சொல்லணும்.”

திங்கட்கிழமை காலையிலேயே அம்பாங்கில் இருந்தோம். விமலன் வாய் திறக்குமுன் பிரெண்டா பட்டறையின் நடுவில் போய் நின்று, எல்லாரையும் கூப்பிட்டாள். செத்துப்போன முதல் பெட்டியை மேசையில் வைத்தாள். படத்தைப் பக்கத்தில் வைத்தாள்.

“ஷிரீன் பண்ணதுல ஒரு தப்பும் இல்ல. படம்தான் தப்பு. படம் நான் வரைஞ்சது. நூறு போட்டுட்டு நாப்பத்தேழுன்னே விட்டுட்டேன். பதிமூணு வருஷமா நான் பாக்கவே இல்ல. உனக்குத் தெரியலன்னு சொன்னேன்ல, அதுவும் தப்பு. மன்னிச்சிரும்மா.”

விமலனும் ஷிரீனிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, அன்றைக்கு மத்தியானம் எல்லாருக்கும் நாசி பிரியாணி வாங்கிக் கொடுத்தான். அவன் பாணி அது.

ஷிரீன் பெட்டியைக் கையில் எடுத்து, அந்த மஞ்சள் கபாசிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நானும் நாளாயிருச்சுன்னு சொல்லி விட்டுட்டேன்க்கா. அளந்தப்பவே கீழ ரொம்ப வித்தியாசம் காட்டுச்சு. அவ்வளவு மாறாதுன்னு தெரியும். படத்த நம்பிட்டேன்.” பிறகு அவளே கேட்டாள். “படத்த மாத்தி வரைஞ்சிடவா? பழச தூக்கிப் போட்டுடலாமா?”

“தூக்கிப் போடக் கூடாது” என்றாள் பிரெண்டா. அவள் தொழிற்சாலையில் படத்தில் ஒரு எண்ணை மாற்றினால் அழிக்கவோ வெள்ளை மை பூசவோ கூடாது. ஒரே ஒரு கோடு கிழிக்க வேண்டும். பழைய எண் கீழே தெரிய வேண்டும். பக்கத்தில் புதிய எண், தேதி, மாற்றியவரின் கையெழுத்து. என்ன தப்பு, யார் செய்தது, எப்போது திருத்தியது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. சிவப்புப் பேனா வாங்கி நாற்பத்தேழின்மேல் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் நூறு. தேதி. கையெழுத்து.

படத்தின் கீழ்மூலையில் இரண்டு கட்டம் இருந்தது. ‘வரைந்தவர்’ என்ற கட்டத்தில் அவள் பெயர் இருந்தது. ‘சரிபார்த்தவர்’ கட்டம் பதிமூன்று வருடமாகக் காலியாகக் கிடந்தது. பேனாவை ஷிரீனிடம் நீட்டினாள். “இங்க நீ போடு. அன்னிக்கே ஒருத்தர் போட்டிருந்தா இவ்வளவு வந்திருக்காது.”

வெளியீட்டுக்கு ஐந்து நாள். முந்நூறு பெட்டியையும் திறந்து, ஒரு கபாசிட்டரை எடுத்து, வேறு ஒன்றைப் பற்றவைக்க வேண்டும். விமலன் தேதியைத் தள்ளிப் போடலாம் என்றான். பிரெண்டா முடியாது என்றாள். தொழிற்சாலையில் வருடாந்தர லீவில் நான்கு நாளை எடுத்துக்கொண்டு, தினமும் காலை ரயிலில் கிள்ளானிலிருந்து வந்து ஷிரீனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். ஒருத்தி எடுப்பாள், ஒருத்தி வைப்பாள். நூறு பெட்டி தாண்டியதும் இடம் மாற்றிக்கொண்டார்கள். நான் மூடியின் திருகுகளை முறுக்கினேன். ஒரு பெட்டிக்கு நான்கு திருகு, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எபாக்சி ஊற்றலாமா என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. பிரெண்டா வேறு முடிவு எடுத்திருந்தாள். சிவப்புக் கோடு போட்ட அந்தப் படத்தை அப்படியே பிரதி எடுத்து ஒவ்வொரு பெட்டியோடும் வைக்கச் சொன்னாள். திறந்து பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசித் திருகு முறுக்கியாயிற்று. அட்டைகளை அவள் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். கட்டுப் பிரிக்கவில்லை. பேனாவும் எடுக்கவில்லை.

“இன்னும் என்னக்கா?” என்றான் விமலன்.

“கேக்காம எப்படிப் போடறது?”

அதே அட்டைப்பெட்டி, அதே பத்து சென் காசு. அவளுடைய முதல் பெட்டி இல்லை என்பதால் திருச்செல்வத்தின் பெட்டியை ஒரு பக்கம் வைத்தார்கள். மறுபக்கம், முந்நூறிலிருந்து ஷிரீன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஒன்று. விமலன் கித்தாரை மாட்டிக்கொண்டான். பிரெண்டா சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

முதல் வரி. “பழசு” என்றாள். ஷிரீன் குறித்துக்கொண்டாள். இரண்டாவது. “பழசு.” மூன்றாவதற்கு ரொம்ப நேரம் எடுத்தாள். ஐந்தாவதில் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். ஏழாவதில் தலையை ஆட்டிக்கொண்டாள். பத்தாவதற்கு, “தெரியல, சும்மா புதுசுன்னு வை” என்றாள். இருபத்தேழு வருடத்தில் அவள் வாயிலிருந்து ‘தெரியல’ வந்து அவள் தொழிற்சாலையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஷிரீன் எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். தாளை எங்கள் பக்கம் திருப்பினாள்.

“பத்துக்கு அஞ்சுக்கா.”

பிரெண்டா திரும்பினாள். கண் நிறைந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே அழுதாள். “பெயிலா?” என்றாள்.

“பெயிலுதான்” என்றேன். “ரெண்டும் ஒண்ணுதான்லா.”

இந்தத் தடவை அவள் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேசையை இழுத்துப் போட்டு, அட்டைகளின் கட்டைப் பிரித்து முதல் அட்டையில் கையெழுத்துப் போட ஆரம்பித்தாள்.